ஆசிரியர் பதில்கள்: வெர்னர் ஃபோஸ் என்னும் இருபது வயது விமானி

1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரியவைத்தது பற்றிச் சென்ற இதழில் ஒரு கேள்விக்குப் பதில் எழுதியபோது, அதே போரில் ஆகாயத்தில் பெயர் பெற்ற வெர்னர் ஃபோஸ் என்ற ஜெர்மானிய இளைஞரைப் போகிறபோக்கில் ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தேன். வந்திருக்கும் கடிதங்களைப் பார்த்தால், வாசகர்கள் எம்டனைக் கடலிலேயே விட்டுவிட்டு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டது தெரிகிறது. ஆகவே இந்த இதழில் கேள்விகள் எல்லாம் அவரைப் பற்றியவையே.

முதல் உலகப் போர் விமானிகள் என்றால் சிவப்பு விமானத்தில் பறந்த ரிக்ட்ஹோஃபன் ஒருவரை மட்டுமே நான் கேள்விப்பட்டிருக்கிறேன். நீங்கள் குறிப்பிட்ட ஃபோஸ் யார்? — கல்லூரி மாணவர், தேவகோட்டை

ரிக்ட்ஹோஃபனின் நண்பர்; அவர் வீழ்த்திய விமானங்களின் எண்ணிக்கையை எட்டிப் பிடிக்கக்கூடியவர் என்று 1917ஆம் ஆண்டில் பலரும் எதிர்பார்த்த ஒரே ஆள். 1897 ஏப்ரல் 13 அன்று, ஜெர்மனியின் மேற்குப் பகுதியில் உள்ள கிரேஃபெல்ட் நகரில் பிறந்தார். தந்தைக்குச் சாயத் தொழிற்சாலை இருந்தது. மூத்த மகன் என்பதால் தொழில் அவரிடமே வந்து சேர்ந்திருக்க வேண்டும். போர் மூண்டபோது அவருக்கு வயது பதினேழு. மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரிந்திருந்ததால் முதலில் தன்னார்வ வாகன ஓட்டியாகப் படைக்கு உதவினார். 1914 நவம்பரில் தம் ஊரைச் சேர்ந்த 11ஆம் ஹுசார் குதிரைப் படையில் முறையாகச் சேர்ந்து கிழக்கு முனைக்குப் போனார். அங்கே இரண்டாம் வகுப்பு இரும்புச் சிலுவை விருதும் பதவி உயர்வும் கிடைத்தன. ஆனால் முள்கம்பியும் இயந்திரத் துப்பாக்கியும் வந்துவிட்ட போரில் குதிரை வீரனுக்குப் பெரிய வேலை இல்லை என்பதைப் பல இளைஞர்கள் அப்போது உணரத் தொடங்கியிருந்தார்கள். ரிக்ட்ஹோஃபனும் குதிரைப் படையிலிருந்து வந்தவர்தான். ஃபோஸ் 1915 ஆகஸ்டில் விமானப் பிரிவுக்கு மாறினார்.

பயிற்சி சொந்த ஊரிலேயே, எகெல்ஸ்பெர்க் என்ற விமானத் தளத்தில் நடந்தது. செப்டம்பர் இறுதியில் தனியாகப் பறந்தார். பயிற்சி முடிந்ததும் போர்முனைக்கு அனுப்பாமல், கற்றுக்கொண்ட இடத்திலேயே மற்றவர்களுக்குக் கற்பிக்கும் வேலையைக் கொடுத்தார்கள். பத்தொன்பது வயதுகூட நிறையாத பயிற்றுநர். 1916 மார்ச்சில் இருவர் அமரும் குண்டுவீச்சு விமானங்களைக் கொண்ட ஒரு பிரிவுக்குப் போய், முதலில் பின்னிருக்கையில் பார்வையாளராகவும் பிறகு விமானியாகவும் பணிபுரிந்தார். வாழ்க்கை வரலாறு எழுதுபவர்கள் இந்தக் காலத்தை இரண்டு வரியில் கடந்துவிடுவார்கள். எனக்கோ அவருடைய பிற்காலத் திறமையின் அடித்தளம் இதுவே என்று தோன்றுகிறது. ஒரு கனத்த, மெதுவான விமானத்தின் பின்னிருக்கையில் உட்கார்ந்து தாக்குதலுக்குக் காத்திருந்தவனுக்கு, அந்த விமானத்தின் துப்பாக்கி எட்டாத மூலை எது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

1916 நவம்பர் 21 அன்று 2ஆம் வேட்டை விமானப் பிரிவுக்கு மாற்றப்பட்டார். விமானத்தை விமானத்தால் வேட்டையாடுவதை ஒரு முறையான கலையாக வகுத்துத் தந்த ஆஸ்வால்ட் பூல்கே உருவாக்கிய பிரிவு அது. சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள், உயரத்திலிருந்து இறங்கு, மிக அருகில் போன பிறகே சுடு, உன்மேல் பாய்ந்து வருபவனிடமிருந்து ஓடாமல் அவனை நோக்கியே திரும்பு என்பன போன்ற அவருடைய விதிகள் இன்றும் பேசப்படுகின்றன. ஆனால் ஃபோஸ் அங்கே போய்ச் சேருவதற்குச் சுமார் மூன்று வாரங்களுக்கு முன்பே, அக்டோபர் 28 அன்று, தம் பிரிவைச் சேர்ந்த ஒருவரின் விமானத்தோடு மோதிப் பூல்கே இறந்துவிட்டார். குருவை நேரில் காணாமலே அவருடைய பாடத்தைக் கற்ற மாணவர் ஃபோஸ். நவம்பர் 27 அன்று, ஒரே நாளில், முதல் இரண்டு வெற்றிகளைப் பெற்றார். 1917 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் எண்ணிக்கை விறுவிறுவென்று ஏறியது. ஏப்ரல் 8 அன்று பிரஷ்யாவின் மிக உயர்ந்த வீர விருதான பூர் லெ மெரீட் அளிக்கப்பட்டபோது அவர் கணக்கில் 24 விமானங்கள் இருந்தன. இருபதாவது பிறந்த நாளுக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது.

விருதோடு நீண்ட விடுப்பும் வந்தது. பிரிட்டிஷ் விமானப் படை இரத்த ஏப்ரல் என்று இன்றும் நினைவுகூரும் அந்த மாதத்தின் பெரும்பகுதியில் ஃபோஸ் போர்முனையிலேயே இல்லை. அந்த ஒரு மாதத்தில் ரிக்ட்ஹோஃபன் இருபதுக்கும் மேற்பட்ட விமானங்களை வீழ்த்தினார். இருவருக்கும் இடையில் இருந்த இடைவெளியில் பெரும்பகுதி இந்த விடுப்பினால் வந்ததே.

அவருடைய தந்தை சாயத் தொழிற்சாலை வைத்திருந்தார் என்று எங்கோ படித்தேன். எங்கள் குடும்பமும் கண்டாங்கிச் சேலைக்கு நூல் சாயமேற்றிய குடும்பம் என்பதால் கேட்கிறேன்: அது எத்தகைய தொழில்? — வாசகர், காரைக்குடி

கிரேஃபெல்ட் பட்டுக்கும் வெல்வெட்டுக்கும் பெயர் போன நெசவு நகரம். நெசவு இருக்கும் இடத்தில் சாயம் இருந்தே ஆக வேண்டும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அக்காலத்தில் உலகச் சந்தையில் செயற்கைச் சாயம் என்றாலே ஜெர்மனிதான். ஃபோஸ் பிறந்த அதே 1897ஆம் ஆண்டில்தான் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை நீலச் சாயத்தை விற்பனைக்குக் கொண்டுவந்து, நம் நாட்டு அவுரி விவசாயத்தின் கழுத்தில் கத்தியை வைத்தது. போர் வந்து ஜெர்மானியச் சரக்கு நின்றுபோனதும் அவுரிக்கு மறுபடியும் கொஞ்ச காலம் விலை கிடைத்தது. பிரிட்டனோ தன் படைவீரர்களின் சீருடைத் துணிக்குச் சாயம் தேடித் திண்டாடியது.

இவ்வளவு திறமை உள்ளவர் 1917ஆம் ஆண்டில் ஏன் பிரிவு விட்டுப் பிரிவு மாறிக்கொண்டே இருந்தார்? — ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், கோட்டையூர்

நிர்வாகத்தில் இருந்தவர் கேட்கக்கூடிய கேள்விதான். விடுப்பு முடிந்து மே மாதம் திரும்பிய ஃபோஸ், தம் பிரிவின் தலைவர் ஃபிரான்ஸ் வால்ஸ் போரில் களைத்துப்போனவர், தலைமைக்குத் தகுதியற்றவர் என்று மேலிடத்தில் புகார் சொன்னார். அவரோடு இன்னொரு விமானியும் சேர்ந்துகொண்டார். ஒரு படையில், அதிலும் பிரஷ்ய மரபு ஊறிய படையில், இருபது வயது இளநிலை அதிகாரி செய்யக்கூடாத காரியம் அது. வால்ஸ் மனம் நொந்து தாமே இடமாற்றம் கேட்டுப் போனார். ஃபோஸைக் கண்டித்து வேறு பிரிவுக்கு அனுப்பினார்கள். பூர் லெ மெரீட் மட்டும் இல்லாதிருந்தால் தண்டனை அதோடு நின்றிருக்காது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. தகுதியற்றவர் என்று இவர் சொன்ன அந்த வால்ஸ், பாலஸ்தீன முனையில் ஆற்றிய பணிக்காக 1918இல் அதே பூர் லெ மெரீட் விருதைப் பெற்றார்.

அதன்பின் 5ஆம் பிரிவு, 29ஆம் பிரிவு, 14ஆம் பிரிவு என்று சில வாரங்களுக்கு ஒரு முறை மாற்றம். ஜூலை இறுதியில் ரிக்ட்ஹோஃபன் இவரைக் கேட்டு வாங்கித் தம் தலைமையில் இயங்கிய பெரும்படையின் 10ஆம் பிரிவுக்குத் தலைவராக்கினார். அந்தப் பெரும்படையில் 4, 6, 10, 11 ஆகிய நான்கு பிரிவுகள் இருந்தன. நண்பரின் பறக்கும் திறமைக்காக அவருடைய மற்றக் குறைகளை ரிக்ட்ஹோஃபன் பொறுத்துக்கொண்டார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். தலைவராக ஃபோஸ் சிறந்து விளங்கினார் என்று சொல்வதற்கில்லை. கணக்கும் கடிதமும் அவருக்கு வேப்பங்காய். அழுக்கேறிய பழைய சட்டையோடு, பதவிச் சின்னம் எதுவும் இல்லாமல், தம் மெக்கானிக்குகள் இருவரோடும் சேர்ந்து எஞ்சினைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பதில்தான் அவருக்கு இன்பம். அந்த மெக்கானிக்குகள் இருவரும் இவர் பிரிவு மாறும்போதெல்லாம் கூடவே மாறினார்கள். பறக்கும்போதும் தமக்குப் பின்னால் வருபவர்களைப் பற்றி அவர் அதிகம் கவலைப்பட்டதில்லை. செப்டம்பரில் இதற்கு விலை கொடுக்க நேர்ந்தது.

அந்தக் காலத்து விமான எஞ்சினுக்கு விளக்கெண்ணெய் ஊற்றினார்கள் என்று என் பட்டறைக்கு வரும் ஒரு பெரியவர் அடித்துச் சொல்கிறார். நம்பலாமா? — மோட்டார் பட்டறை உரிமையாளர், புதுவயல்

தாராளமாக நம்பலாம். எல்லா எஞ்சினுக்கும் அல்ல. சுழல் எஞ்சின் என்ற வகைக்கு மட்டும். இன்றைய எஞ்சினில் சிலிண்டர்கள் நிலையாக இருக்க, உள்ளே கிராங்க் தண்டு சுற்றுகிறது. அந்த எஞ்சினில் கிராங்க் தண்டை விமானத்தின் உடலோடு அசையாமல் பொருத்திவிட்டு, சிலிண்டர்கள் அத்தனையும் முன்விசிறியோடு சேர்ந்து சுற்றும்படி வைத்திருந்தார்கள். சுற்றும் வேகத்தில் காற்றுப் பட்டுத் தானே குளிர்ந்துவிடும், தண்ணீரும் வேண்டாம், ரேடியேட்டரும் வேண்டாம், எடையும் குறைவு. ஆனால் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை கிராங்க் அறை வழியாகவே சிலிண்டருக்குப் போக வேண்டும் என்பதால், சாதாரண மசகு எண்ணெய் பெட்ரோலில் கரைந்து வலுவிழந்துவிடும். விளக்கெண்ணெய் அவ்வளவு எளிதில் பெட்ரோலோடு கலக்காது, சூட்டையும் தாங்கும். எண்ணெய் திரும்ப வருவதற்கு வழி கிடையாது. எரியாத விளக்கெண்ணெய் புகைப்போக்கி வழியே வெளியேறி விமானியின் முகத்திலும் கண்ணாடியிலும் படியும். மணிக்கணக்கில் அந்தப் புகையைச் சுவாசித்தவர்களின் வயிறு என்ன பாடு பட்டிருக்கும் என்பதை, மாதம் ஒரு முறை பேதிக்குக் கொடுத்த காலத்து வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டாம்.

இதில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. ஆமணக்கு விளையும் இந்தியா பிரிட்டன் கையில் இருந்தது. ஜெர்மனியின் துறைமுகங்களையோ பிரிட்டிஷ் கடற்படை அடைத்திருந்தது. மாற்று எண்ணெயை ஊற்றிய ஜெர்மானியச் சுழல் எஞ்சின்கள் சூடேறித் தொல்லை தந்தன. 1917 ஆகஸ்ட் இறுதியில் ஃபோஸுக்கு வந்துசேர்ந்த புதிய மூன்றடுக்கு இறக்கை விமானம், ஃபோக்கர் எஃப்.1 வகையில் 103/17 என்ற எண் கொண்டது. அதில் இருந்ததோ, பிடிபட்ட ஒரு நியூபோர்ட் விமானத்திலிருந்து கழற்றிய பிரெஞ்சு லெ ரோன் எஞ்சின். எதிரியின் எஞ்சினைப் பொருத்திக்கொண்டு எதிரியோடு சண்டை போட்டார் மனிதர்.

அந்த விமானம் நேராகப் பறக்கும்போது வேகம் குறைவு. ஆனால் மேலே ஏறுவதிலும் சட்டென்று திரும்புவதிலும் அதற்கு ஈடு இல்லை. சுற்றும் எஞ்சினின் கனம் ஒரு பக்கமாக இழுப்பதால் வலப்புறம் திரும்புவது கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். கை பழகாதவனுக்கு அதுவே எமனாகவும் முடியும். இதே வகையைச் சேர்ந்த 102/17 ரிக்ட்ஹோஃபனுக்கு வந்தது. அதை ஓட்டிப்போன குர்ட் வோல்ஃப் என்ற புகழ்பெற்ற விமானி செப்டம்பர் 15 அன்று சுட்டு வீழ்த்தப்பட்டார். ஃபோஸ் தம் விமானத்தில் செப்டம்பர் 11க்குள் எண்ணிக்கையை 47ஆக உயர்த்திவிட்டு விடுப்பில் போனார்.

பேரன் காட்டிய பழைய படம் ஒன்றில் இவருடைய விமானத்தில் ஸ்வஸ்திகம் வரைந்திருந்தது. மற்றொரு படத்தில் மூஞ்சி வரைந்திருக்கிறது. இவர் ஹிட்லர் கட்சிக்காரரா? — ஆச்சி ஒருவர், கானாடுகாத்தான்

இல்லை, ஆச்சி. ஹிட்லரின் கட்சி ஸ்வஸ்திகத்தைத் தன் சின்னமாக எடுத்துக்கொண்டது 1920இல். ஃபோஸ் இறந்தது 1917இல். அதற்கு முன்பு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அதை அதிர்ஷ்டக் குறியாக வாழ்த்து அட்டையிலும் நகையிலும் போட்டுக்கொண்டிருந்தார்கள். நம் வீட்டுக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் போடுவதற்கு உள்ள காரணமே ஏறக்குறைய அவர்களுக்கும் இருந்தது. ஃபோஸ் முன்பு ஓட்டிய ஆல்பட்ராஸ் என்ற ஜெர்மானிய விமானத்தில் ஒரு சிவப்பு இதயமும், இலை வளையத்துக்குள் ஒரு ஸ்வஸ்திகமும் இருந்தன.

மூஞ்சி வரைந்திருப்பது அந்த மூன்றடுக்கு விமானத்தில். எஞ்சினை மூடிய வட்டத் தகட்டின் மேல் இரண்டு கண்கள், புருவங்கள், ஒரு மீசை என்று வெள்ளையில் தீட்டியிருந்தார். சிறு வயதில் அவர் பறக்கவிட்ட ஜப்பானியப் பாணிப் பட்டங்களின் நினைவில் வரைந்தது என்பார்கள். நம் ஊர் எல்லையில் ஐயனார் கோயில் வாசலில் விழி பிதுங்கி நிற்கும் காவல் வீரனின் முகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அத்தகைய ஒரு முகம் மேகத்திலிருந்து இறங்கி நேரே உங்களை நோக்கி வந்தால் எப்படி இருந்திருக்கும்?

ஒரே விமானத்தில் ஏழு பிரிட்டிஷ் விமானங்களோடு போரிட்டார் என்பது வரலாறா, புனைவா? தப்பிக்க வழி இருந்தும் ஓடவில்லை என்கிறார்களே, அது ஏன்? — ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், பள்ளத்தூர்

வரலாறுதான், ஐயா, அதற்குச் சாட்சி அவரைச் சுட்டவர்களே. வீழ்ந்தவனைப் பற்றி வென்றவர்கள் எழுதிய குறிப்புகள் என்பதால், இவற்றில் அவருக்குச் சாதகமாக மிகைப்படுத்தும் நோக்கம் இருந்திருக்க முடியாது. தாங்கள் பெற்ற வெற்றியைப் பெரிதாக்கிக் காட்ட ஓரளவு ஆசை இருந்திருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

1917 செப்டம்பர் 23, ஞாயிற்றுக்கிழமை. விடுப்பிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார். காலையில் ஒரு டி.எச்.4 குண்டுவீச்சு விமானத்தை வீழ்த்தினார், அது 48. பெல்ஜியத்தில் கூர்த்ரே நகருக்கு அருகில் இருந்த தளத்துக்கு அவருடைய தம்பிகள் இருவரும் பார்க்க வந்திருந்தார்கள். அவர்களோடு சாப்பிட்டார், படம் எடுத்துக்கொண்டார்கள். மாலை மறுபடியும் கிளம்பினார். மற்றவர்களின் விமானங்களைவிட அவருடையது வேகமாக மேலேறும் என்பதால் கூட வந்தவர்கள் பின்தங்கிவிட்டார்கள், அவர் காத்திருக்கவில்லை. இப்பர் நகருக்கு வடகிழக்கே பிரிட்டிஷ் படையின் 60ஆம் ஸ்குவாட்ரன் என்ற விமானப் பிரிவின் விமானங்களைத் தாக்கி இரண்டைச் சேதப்படுத்தினார். அவற்றைக் காப்பாற்றுவதற்காக மேலிருந்து பாய்ந்து வந்தது 56ஆம் ஸ்குவாட்ரன். பிரிட்டிஷ் படையில் தேர்ந்தெடுத்த விமானிகளைக் கொண்ட பிரிவு என்று அதற்குப் பெயர். மெக்கடன், ரைஸ் டேவிட்ஸ், மஸ்ப்ராட், க்ரோனின், ஹாய்ட்ஜ், போமன், மேபெரி ஆகிய எழுவர், எல்லோரும் எஸ்.ஈ.5 வகை விமானத்தில்.

சுமார் பத்து நிமிடம் நடந்த சண்டை அது. பத்து நிமிடம் என்பது படிப்பதற்குச் சிறிதாகத் தோன்றும்; ஆனால் அக்கால விமானச் சண்டைகளில் பெரும்பாலானவை சில நொடிகளில் முடிந்துவிடும். ஒருவர் பின்னால் வந்து குறி வைக்கும்போது ஃபோஸ் வழக்கப்படி சாய்ந்து வளையாமல், விமானத்தைத் தட்டையாக வைத்தே சுக்கானால் உதைத்துச் சட்டென்று எதிர்த்திசைக்குத் திருப்பி, குறி வைத்தவர்மீதே சுட்டிருக்கிறார். அந்த விமானத்துக்கு வால் துடுப்பு நிலையாக இல்லை. முழுவதும் அசையும் சுக்கான் மட்டும் இருந்ததால் இது முடிந்தது. எழுவரின் விமானங்களிலும் அவருடைய குண்டுகள் பாய்ந்தன. க்ரோனினும் மஸ்ப்ராட்டும் சேதமடைந்த விமானங்களோடு சண்டையிலிருந்து விலகிப் போக வேண்டியதாயிற்று. நடுவே சிவப்பு மூக்குடைய ஓர் ஆல்பட்ராஸ் விமானம் அவருக்குத் துணையாகச் சிறிது நேரம் வந்து போனது. கடைசியில் ரைஸ் டேவிட்ஸ் மிக அருகில் போய்த் துப்பாக்கிகளைக் காலி செய்தார். விமானம் திரும்பாமல் நேராகச் சறுக்கிப் போய், ஃப்ரெசன்பெர்க் அருகில் பிரிட்டிஷ் எல்லைக்குள் விழுந்து நொறுங்கியது. உடலைச் சோதித்த பிறகுதான் அவர் யார் என்பதே எதிரிகளுக்குத் தெரிந்தது. அங்கேயே புதைத்தார்கள், தொடர்ந்து நடந்த பீரங்கிச் சண்டையில் அந்த இடம் அடையாளம் தெரியாமல் போயிற்று. லாங்கெமார்க் படைவீரர் கல்லறைத் தோட்டத்தில் பெயர் மட்டும் இருக்கிறது.

ஏன் ஓடவில்லை? நேராக ஓடியிருந்தால் வேகம் மிகுந்த எஸ்.ஈ.5 துரத்திப் பிடித்திருக்கும் என்பது ஒரு விளக்கம். அது பாதி உண்மை. மேல்நோக்கி ஏறுவதில் அவருடைய விமானம் சிறந்தது. சண்டையின் நடுவே எதிரிகளைவிட உயரத்தில் அவர் இருந்த தருணங்களும் உண்டு. அப்போதும் அவர் கீழே சண்டைக்கே திரும்பினார் என்று சண்டையில் இருந்தவர்களே வியக்கிறார்கள். பாய்ந்து வருபவனை எதிர்கொள் என்ற பூல்கேயின் விதியைக் கடைப்பிடித்தார் என்று சிலர் சொல்வது எனக்கு ஏற்புடையதாக இல்லை. சாதகமான இடத்தில் இருக்கும்போது மட்டும் சண்டையைத் தொடங்கு என்பதுதான் பூல்கேயின் முதல் பாடம். ரிக்ட்ஹோஃபன் அந்த இடத்தில் இருந்திருந்தால் முதல் நிமிடத்திலேயே விலகி மறுநாள் வந்திருப்பார். ஃபோஸுக்கு விமானம் ஓட்டுவதில் இருந்த மோகம், கணக்குப் பார்க்கும் புத்தியைவிடப் பெரிதாக இருந்தது. மூன்று வாரமாகத் தம் கைக்குப் பழகிய ஓர் அபூர்வக் கருவியால் என்னவெல்லாம் செய்ய முடியும் என்று அவர் அந்தப் பத்து நிமிடமும் பார்த்துக்கொண்டிருந்தார் என்றே நான் நினைக்கிறேன். வீரம் என்று அதை மாணவர்களுக்குச் சொல்லித் தரலாம். விவேகம் என்று சொல்லித் தர முடியாது.

அவரைச் சுட்டு வீழ்த்தியவரின் தந்தை பௌத்த அறிஞர் என்பது உண்மையா? — வாசகி, குன்றக்குடி

உண்மை. ஆர்தர் ரைஸ் டேவிட்ஸின் தந்தை தாமஸ் ரைஸ் டேவிட்ஸ், இலங்கையில் பிரிட்டிஷ் அரசு அதிகாரியாகப் பணிபுரிந்தபோது பாலி மொழி கற்று, பிற்பாடு 1881இல் பாலி நூற்பதிப்புக் கழகத்தை நிறுவியவர். தாய் கரோலினும் பாலி அறிஞர். கொல்லாமையை முதல் ஒழுக்கமாகச் சொல்லும் நூல்களைப் பதிப்பிப்பதற்கு வாழ்நாளைக் கொடுத்த வீட்டில் பிறந்தவர், இருபது வயதில் 25 வெற்றிகளைப் பெற்ற வேட்டை விமானி ஆனார். ஃபோஸைவிட ஐந்து மாதம் இளையவர். அன்றிரவு எல்லோரும் பாராட்டியபோது, ஃபோஸை உயிரோடு தரையிறக்க முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று அவர் வருந்தியதாக மெக்கடன் எழுதியிருக்கிறார். எழுவரோடு தனியாக நின்று போரிட்ட அந்த ஜெர்மானியரிடம் தமக்கு ஏற்பட்ட மதிப்பு வாழ்நாள் முழுவதும் மறையாது என்பதும் மெக்கடனின் குறிப்பில் உண்டு. ரைஸ் டேவிட்ஸ் அக்டோபர் 27 அன்று இறந்தார். மெக்கடன் 1918 ஜூலையில், சண்டையில் அல்ல, ஒரு விபத்தில் இறந்தார்.

48 விமானங்கள் என்கிறீர்களே, வானத்தில் யார் எண்ணினார்கள்? — வாசகர், செட்டிநாடு

ஜெர்மானியர் இதில் கறாரானவர்கள். வீழ்ந்த விமானத்தின் சிதைவோ தரையிலிருந்து பார்த்தவரின் சாட்சியோ வேண்டும். ஒரு விமானத்தை இருவர் சேர்ந்து வீழ்த்தினாலும் கணக்கு ஒருவருக்கே. சண்டைகளில் பெரும்பாலானவை ஜெர்மானிய எல்லைக்குள் நடந்ததால் சிதைவுகளும் கைக்கு எட்டின. ஆனால் அந்த 48இல் வேட்டை விமானங்கள் மட்டும் இருந்தன என்று எண்ணிவிடாதீர்கள். பீரங்கிக்குக் குறி சொல்லவும் படம் எடுக்கவும் வந்த, மணிக்கு நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் வேகத்தில் தள்ளாடிய இருவர் விமானங்களும் அதில் கணிசமாக உண்டு. அவற்றில் இருந்தவர்களிடம் பாராசூட்டும் கிடையாது.

இந்தியர் யாரேனும் இந்த ஆகாயப் போரில் இருந்தார்களா? — பள்ளி மாணவி, காரைக்குடி

இருந்தார்கள். ஃபோஸோடு மோதிய அதே 56ஆம் ஸ்குவாட்ரனில், ரைஸ் டேவிட்ஸ் இறந்த மூன்றாம் நாள், 1917 அக்டோபர் 30 அன்று, கல்கத்தாவில் பிறந்த இந்திர லால் ராய் என்ற பதினெட்டு வயது இளைஞர் சேர்ந்தார். அந்த எழுவரில் ஒருவரான மேபெரிதான் அவருக்குக் குழுத் தலைவர். ஒரு வாரத்துக்குள் விபத்தில் சிக்கித் திரும்பிப்போன ராய், 40ஆம் ஸ்குவாட்ரனுக்கு வந்து, 1918 ஜூலை 6 முதல் 19 வரை 10 வெற்றிகளைப் பெற்று, ஜூலை 22 அன்று வீழ்ந்தார். அவருடைய கதை தனியாக ஒரு இதழுக்குத் தாங்கும். கேள்வியாக எழுதி அனுப்புங்கள்.